திரையில் பார்த்து வரைந்த வாசல்

செவ்வாய்க்கிழமை மாலைகளில் நாங்கள் வெளியூர் போகிறோம். ஆனால் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. பாரிசுக்கு வடக்கே நான் குடியிருக்கும் புறநகரில், நகராட்சி நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. குளிர் கோட்டுகளைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, தூரிகை நனைக்கக் கிண்ணங்களில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, "இன்றைக்கு எங்கே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொல்வார். இணைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடி, தெருக்களைப் படம் படமாகக் காட்டும் வசதிக்குள் நுழைந்து, சுவரில் விழும் பெரிய திரையில் மெல்ல நடப்போம். "இடப்பக்கம் திரும்பு", "ஐயோ, மரத்தைத் தாண்டிவிட்டாயே, பின்னால் வா" என்று ஆளாளுக்கு வழி சொல்வோம். எல்லோருக்கும் பிடித்த முனை ஒன்று வந்ததும் நின்று, அதை நீர்வண்ணத்தில் வரைவோம். ஒருமுறை சிலி நாட்டின் மீன்பிடிக் குப்பம் ஒன்றுக்குப் போய்விட்டு வீடு திரும்பினேன். என் கணவர், "பயணம்லாம் சௌக்கியமா முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவருக்குக் கிண்டல். எனக்கோ உண்மையிலேயே கால் வலித்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேலையற்றவர்களின் வேலையாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நான் வேலையற்றவள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக் கான்தீனில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். என் கணவரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட குடும்பத்தைச் சொல்தா வீடு என்பார்கள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் படிப்பு, நிறம் எதையும் எங்கள் தெரு விசாரிக்கவில்லை. "பையனுக்கு நேஷனாலித்தே இருக்குதாமே" என்பது ஒன்றுதான் எங்கள் உப்பளம் பகுதி முழுக்கப் பேச்சு. நேஷனாலித்தே என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை. அந்த நேஷனாலித்தேயின் பின்னால் நானும் வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் எனக்கு இங்கே இரண்டே இடங்கள்தான் தெரியும்: வீடு, கான்தீன். நூலகத்துக்கு மகளை அழைத்துப் போன ஒரு நாள், பின்னறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் சுவரில் தெரிந்த மொராக்கோ சந்தைக்குள் வழி தவறிப்போய்த் தவித்துக்கொண்டிருந்தார். அவர்தான் மொனிக். வாழ்நாளெல்லாம் இந்த ஊரில் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்ற தபால்காரி. "இந்த ஊர்த் தெருக்களை நடந்து தீர்த்துவிட்டேன், இனி மற்ற ஊர்களில் நடக்கிறேன்" என்றார். அன்றே எனக்கும் ஒரு தூரிகை கொடுத்தார்.

சில வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்த் தெருக்களும் அந்த வரைபடத்தில் வந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கையை உயர்த்தி, "இன்றைக்குப் பொந்திஷேரி" என்றேன். எல்லோரும் ஆஹா என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த பொந்திஷேரி, பயண நிறுவனத்துச் சுவரொட்டியில் இருப்பது: மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, மேலே காகிதப்பூக் கொடி. நான் அவர்களைத் தெற்கே உப்பளத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். விளையாட்டரங்கத்தைத் தாண்டி, பஞ்சர் கடை, இஸ்திரி வண்டி, ஊதாவும் கிளிப்பச்சையுமாக வண்ணம் அடித்த மாடி வீடுகள், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்கம்பிகள். மொனிக் தயங்கித் தயங்கி, "இந்தக் கம்பிகளை விட்டுவிட்டு வரையலாமே செல்வி, வானத்தைக் கெடுக்கின்றன" என்றார். "கம்பி இல்லாவிட்டால் மின்விசிறி எப்படிச் சுற்றும்?" என்றேன். அவர் நான் ஓவியத் தத்துவம் எதையோ சொல்வதாக நினைத்து, வெகுநேரம் யோசித்துத் தலையாட்டினார். அந்தப் படங்களில் மனித முகங்களை மங்கலாக்கிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் செய்யும் இயந்திரத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. சுவரொட்டியில் கும்பிட்டுச் சிரிக்கும் தலைவர்கள், கண்ணீர் அஞ்சலிப் பலகையில் இருக்கும் பெரியவர், கோயில் சுவரில் வரைந்த அம்மன் என எல்லோருக்கும் ஒரே மங்கல்தான். "உங்கள் ஊரில் தெய்வங்களுக்கும் தனியுரிமை உண்டா?" என்று ஒருவர் கேட்டார். உண்டு என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஊருக்கு ஊர் போவேன். மற்ற நாட்களில் சமையலறை மேசையில் உட்கார்ந்து உப்பளத்துக்குள்ளேயே சுற்றுவேன். எங்கள் வீட்டு வாசலை மட்டும் எத்தனை முறை வரைந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மழைக்குத் தண்ணீர் நிற்கும் தெரு அது. அதனால் அப்பா வீட்டை உயர்த்திக் கட்டி, முன்னால் படிகள் வைத்திருந்தார். படிக்குக் கீழே சாணம் தெளித்த ஈரம், அதன் மேல் சிறிய கோலம், கதவின் மேல் திருஷ்டிக்குக் கட்டிய படிகாரம். ஜன்னலுக்கு உள்ளே அம்மாவின் தையல் மிஷின் இருக்கிறது. அது படத்தில் தெரியாது. ஆனால் ஜன்னலின் இருட்டை நான் வெறும் கறுப்பில் வரைந்ததில்லை. மிஷின் இருக்கும் இடத்தில் துளி நீலம் சேர்ப்பேன். அம்மா அங்கே உட்கார்ந்துதான் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறாள். வரைந்து முடித்து வீடியோ அழைப்பில் காட்டினால், "ஊட்ட வுட்டுட்டுப் போனவ ஊட்டையே வரைஞ்சிக்கினு கெடக்கற" என்று சிரிப்பாள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, படங்கள் புதிதாக மாறியிருந்தன. கேமரா வண்டி இரண்டாம் முறை வந்து போயிருக்கிறது. பஞ்சர் கடைக்குப் புதுப் பலகை. எதிர்வீட்டுக்கு மேல்மாடி. எங்கள் வீட்டில் படிகளைக் காணவில்லை. படிகள் இருந்த இடத்தில் தெருவிலிருந்து கதவு வரைக்கும் சிமென்ட்டில் சரிவாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாயில் கைப்பிடி. புதிய பொருள் கிடைத்த மகிழ்ச்சியில், வேறொன்றும் தோன்றாமல், உட்கார்ந்து அதை வரைந்தேன். சிமென்ட்டின் சாம்பல் நிறம் நன்றாக வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துப் போனேன். மொனிக் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "உன் அம்மாவால் இப்போது நடக்க முடிவதில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அவர் ஓவியத்தின் மேல் விரலை வைத்து, சரிவையும் கைப்பிடியையும் காட்டினார். அவர் குடியிருக்கும் கட்டடத்திலும், என் கான்தீனின் வாசலிலும், தபால் நிலையத்திலும் இதே சரிவு, இதே கைப்பிடி. சக்கர நாற்காலிக்காரர்களுக்காக வைத்தது. இந்த நாட்டில் அதற்கு வேறு பொருள் கிடையாது. என் கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். அடுப்பில் என்ன கொதிக்கிறது, துளசி எப்படித் துளிர்த்திருக்கிறது எல்லாம் காட்டுவாள். சில மாதங்களாக அவள் சுவரை ஒட்டி உட்கார்ந்தபடியேதான் பேசுகிறாள். திரை முழுக்க முகம் மட்டும். ஒரு நாள் முழங்கையில் பெரிய பிளாஸ்திரி இருந்தது. கேட்டதற்கு, "இட்லி குண்டான் ஆவி பட்டுடுச்சு" என்றாள். நானும் நம்பினேன். மறுநாளே அழைத்தேன். நலம் விசாரித்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லேன்" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். புடவை பார்க்கணும்."

"மிஷின்ல உக்காந்திருக்கேன் பாப்பா. எழுந்தா நூலு அறுந்துடும்."

மிஷின் ஓடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாள் என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். கடல் தாண்டி இருப்பவர்கள் நினைக்க மாட்டார்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கெட்ட செய்தியைப் பாதியாகச் சொல்வதும், ஆறிய பிறகு சொல்வதும் நம் வீடுகளின் வழக்கம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள், நாமும் திருப்பி அதையேதான் செய்கிறோம். இங்கே எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்ததை நான் அம்மாவிடம் தையல் பிரித்த பிறகுதான் சொன்னேன். ஆனால் அப்பா விஷயத்தில் அந்த வழக்கம் என்னைச் சுட்டுவிட்டது. அப்பாவுக்கு லேசான சளி என்றார்கள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளச் சேர்த்திருக்கிறது என்றார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, நீ வீணா மனச போட்டுக் கொழப்பிக்காத" என்றான் தம்பி சரவணன். நான் போய் இறங்கியபோது கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தம்பி என் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவனிடம் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை. அப்பாவின் கையை ஒருமுறை பிடிக்காமல் விட்ட துக்கம் மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அம்மாவையும் அப்படித் தவறவிட என்னால் முடியாது.

சரவணனுக்கு அழைத்தேன். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை அவனுக்கு. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். வாசலில் எதற்கடா சரிவு கட்டியிருக்கிறீர்கள், அம்மாவுக்கு என்ன என்று நேரடியாகவே கேட்டேன். "உனக்கு யாருக்கா சொன்னாங்க?" என்றான். எனக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. பிறகு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, நீ வீணா மனச போட்டுக் கொழப்பிக்காத" என்றான். அதே வார்த்தைகள், அதே வரிசை. அன்று மாலையே விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். "இன்னொரு தரம் பொறுமையா கேட்டுப் பாரேன்" என்றார் கணவர். கேட்டால் இன்னொரு தரம் ஒன்றுமில்லை என்பார்கள் என்றேன். அவரும் அதே ஊர்க்காரர்தானே, மறுத்துப் பேசாமல் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். மொனிக் வாசல்வரை வந்து, தன் அம்மா பயன்படுத்திய ஊன்றுகோல் ஒன்றைத் துணி சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொள்ளும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாருக்கும் சொல்லாமல்தான் போனேன். சொன்னால் சக்கர நாற்காலியை ஒளித்துவைப்பார்கள் என்று என் கணக்கு. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக வாடகைக் காரில் வந்து, காலை வெயில் ஏறும் நேரத்தில் உப்பளத்தில் இறங்கினேன். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவின் அடியில் வந்து நின்றேன். குழாயைப் பிடித்துக்கொண்டேன். தம்பி மனைவி கௌரி கதவைத் திறந்துவிட்டு, கையெல்லாம் அரிசி மாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி! என்ன அண்ணி, சொல்லாம கொள்ளாம?"

"அம்மா எங்க கௌரி?"

"அத்தை... வெளிய போயிருக்காங்க."

"யார் தூக்கிக்கிட்டுப் போனாங்க?"

கௌரி முழித்தாள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் பீப் பீப் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"யாரும்மா அது, வழில நிக்கறது? கொஞ்சம் தள்ளு. வண்டி ஏத்தணும்."

திரும்பினேன். நீல நிறப் பேட்டரி வண்டியில், தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்கு அடியில் நசுங்கிய மல்லிகை, கால் அருகே ரவிக்கைத் துணிப் பை, இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி என் அம்மா. பேன்ட்டும் முதுகுப் பையுமாக நிற்பவள் தன் மகள் என்று அவளுக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. தெரிந்ததும் பிரேக்கை விட்டுவிட்டாள். வண்டி பின்னால் உருண்டது. நான் ஓடிப்போய் அதைப் பிடித்தேன், அம்மா என்னைப் பிடித்தாள். தெருவில் நின்றபடியே இரண்டு பேரும் அழுதோம். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் மாட்டிக்கொண்டதற்கு அழுதாளோ என்னவோ.

உள்ளே கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஒயர் தொங்கியது. வண்டி நிற்கும் இடம் அதுதான். வீடியோவில் எழுந்தால் பின்னால் வண்டி தெரிந்துவிடும் என்றுதான் நூல் அறுந்துவிடும் என்றிருக்கிறாள். முழங்கைக் காயம், விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்துச் சாலையில் கௌரி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது விழுந்தது. கைப்பிடி என்று நான் நினைத்த குழாய், ஏற்றும்போது வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இருக்கக் கௌரி வைக்கச் சொன்னது. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா நீ திட்டுவ. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு அங்கேர்ந்து ஒரு மணி நேரம் பேசுவ. அப்பறம் ராவெல்லாம் தூங்காம கெடப்ப" என்றாள். "நானும் எத்தினி வருஷம் யார் பின்னாடியாவது உக்காந்துக்கினே போறது? உங்கப்பா சைக்கிள் பின்னாடி, அப்பறம் அவரு மொபெட் பின்னாடி. அவரு போனதும் தம்பி பின்னாடி. லைனிங் துணி வாங்கணும்னாகூட அவன் ஷிப்டு முடிஞ்சி வர வரைக்கும் வாசல்லியே நிக்கணும். இப்ப நெனச்சா போறேன், நெனச்சா வரேன்."

சொல்லியிருந்தால் நான் திட்டித்தான் இருப்பேன். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. மதியம் சரவணன் வந்து, "அம்மா சத்தியம் வாங்கிடுச்சுக்கா, நான் என்ன பண்ணட்டும்" என்று தலையைச் சொறிந்தான். மொனிக் கொடுத்த ஊன்றுகோலைப் பிரித்துப் பார்த்த கௌரி, பரணில் இருக்கும் துணிப்பையை இழுக்க நல்ல கொம்பு என்று எடுத்துக்கொண்டாள்.

எனக்கு என்னை நினைத்துத்தான் ஆச்சரியமாக இருந்தது. எங்கள் தெருவில் எங்கள் வீட்டைத் தவிர சரிவு இல்லாத வீடு எது? ராத்திரியில் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டுத் தூங்கும் வீடு எங்காவது உண்டா? தம்பிகூட இத்தனை நாளும் எதிர்வீட்டுச் சரிவில்தான் தன் வண்டியை ஏற்றி நிறுத்தினான். எதிர்வீட்டுச் சரிவையும் அடுத்த வீட்டுச் சரிவையும் நானே எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அவை வண்டிக்கு என்பதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தபோது மட்டும், மொனிக்கின் கண்ணை வாங்கிப் பார்த்திருக்கிறேன். அம்மா வண்டி ஓட்டுவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் படுத்துவிட்டாள் என்பது உடனே தோன்றியது. பிரிந்து வந்தவர்களுக்கு ஊரில் இருக்கும் பெற்றோர் மூப்படைய மட்டுமே தெரிந்தவர்கள்.

பெட்டியிலிருந்து ஓவியத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள். "எல்லாம் நல்லாதான் இருக்கு. நான் எங்க?" என்றாள்.

"அந்த கேமரா வண்டி வந்தப்ப நீ வாசல்ல இல்லம்மா."

"எப்பிடி இருப்பேன்? நான் நெல்லித்தோப்பு பக்கம் ரவிக்கை குடுக்கப் போயிருப்பேன்" என்று பெருமையாகச் சொல்லி, ஓவியத்தை மிஷின் மேல் சாய்த்து வைத்தாள்.

சாயங்காலம், "வா, பீச்சுக்குப் போலாம்" என்று சாவியை எடுத்தாள். தன் பின்னால் உட்காரும்படி இருக்கையைத் தட்டிக் காட்டினாள். எனக்குப் பயம். ஏறினேன். வண்டி சத்தமே இல்லாமல் சரிவில் இறங்கித் தெருவில் கலந்தது. ஊரை விட்டுப் போன பிறகு அத்தனை முறை வரைந்த தெருக்கள்தான். இருந்தும் பாதி முனைகள் எனக்குப் பிடிபடவில்லை. காரின் கூரைமேல் இருக்கும் கேமராவின் உயரத்தில் நான் பழகியிருக்கிறேன். என் படங்களில் மதில்களுக்கு உள்ளேயும் தெரியும். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் மதில்கள் எல்லாம் உயரமாக இருந்தன. முகங்கள் எதுவும் மங்கலாக இல்லை. இஸ்திரிக்காரர் அம்மாவைப் பார்த்துக் கை தூக்கினார். "யாரு, பின்னால?" என்று யாரோ கேட்க, "பொண்ணு! பிரான்சுலேர்ந்து வந்திருக்கு!" என்று அம்மா வேகத்தைக் குறைக்காமலே கத்தினாள். ஒரு திருப்பத்தில் பேருந்து எதிரே வர, நான் கண்ணை மூடி இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அய்ய, ரெண்டு கையாலயும் என்னை இறுக்காத பாப்பா, வண்டி ஆடுது" என்றாள் அம்மா. "ஒரு கையால என்னைப் புடி. இன்னொரு கையால பின்னாடி இருக்கற கம்பியப் புடி. அப்பதான் ரெண்டு பேரும் வுழாம போவோம்."

ஒரு கையை எடுத்துப் பின்னால் துழாவினேன். கம்பி சில்லென்று இருந்தது. மற்ற கைக்கு அடியில் அம்மாவின் மூச்சு ஏறி இறங்கியது. கடற்கரை முனையில் அவள் வண்டியை நிறுத்தும்வரை நான் இரண்டையும் விடவில்லை.